இலையின் அடிப்பக்கம்

நவம்பர் 17, திங்கள்

வேலையில் இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் இன்பவல்லி என்ற பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அன்று பலகையில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி, ஊமத்தை, புகையிலை என்று எட்டுப் பெயர்களை எழுதி, இவை அத்தனையும் ஒரே குடும்பம், பூவை வைத்துப் பார்த்தால் தெரியும், ஐந்து இதழும் அடியில் ஒட்டியிருக்கும் என்று சொல்லி முடித்திருந்தேன்.

"சார், எல்லாம் ஒரே குடும்பம்னா, இதுல எது சோறு, எது விஷம்னு எப்பிடி சார் கண்டுபிடிக்கிறது?"

"நீயும் உங்க அண்ணனும் ஒரே குடும்பம்தானே? பீரோ சாவிய உங்கம்மா யார்கிட்டக் குடுப்பாங்க?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை. நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது.

இன்று குழித்தட்டில் விதை ஊன்றும்போது அவள் நினைவு வந்தது. தக்காளி மூன்று தட்டு, மிளகாய் மூன்று தட்டு. எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. வீட்டுக்கு மூன்று தக்காளி, மூன்று மிளகாய் நாற்று. ஓய்வு பெற்றதிலிருந்து பொங்கலுக்கு முன்னால் நான் கொடுக்கும் சீர் இது. வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டு மண்ணில் பிறந்தவனுக்குக் கத்தரிக் குடும்பத்தோடு பிறவி உறவு என்று என் மனைவி சௌந்தரம் கேலி செய்வாள்.

மதியம் ரசம் எரிந்தது. இடது கடைவாய்ப் பல் ஒன்று கூராக இருக்கிறது. கன்னத்தில் உரசுகிறது போல.

நவம்பர் 21, வெள்ளி

மிளகாய்க்கு இன்னும் நாலு நாள் ஆகும். தக்காளி முளைத்துவிட்டது. முதுகு வளைத்து மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியைத் தலையால் முட்டிக்கொண்டு வெளிவரும் ஆளைப்போல.

குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் மணத்தக்காளி தானாக முளைத்துக் கிடக்கிறது. நான்கு கொத்து பறித்து வந்தேன். வாய்ப்புண்ணுக்கு அதை மிஞ்சியது இல்லை.

"என்ன, ஒரு வாரமா கீரைமேல இவ்வளவு பாசம்?" என்றாள் சௌந்தரம்.

"உடம்புக்கு நல்லது."

"முப்பத்தெட்டு வருசமா நல்லதில்லாம இருந்துச்சாக்கும்."

சௌந்தரம் முப்பது வருடம் கிளை அஞ்சலகத்தில் இருந்தவள். ஒட்டின உறையைக் கையில் வாங்கினாலே உள்ளே கல்யாணமா, கடனா, கருமாதியா என்று சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. அவள் அதிகம் கேட்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நவம்பர் 26, புதன்

மழை. தட்டுகளை வராந்தாவுக்கு மாற்றினேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பழைய கத்தரிச் செடிகளில் அசுவினி அப்பிவிட்டது. மேலே இருந்து பார்த்தால் இலை பச்சைப் பசேல் என்று இருக்கிறது. திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கப் பூச்சி. வகுப்பில் இதைத்தான் சொல்வேன்: இலையின் மேல்பக்கம் விருந்தாளிக்குக் காட்டும் முகம், திருப்பிப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் "நலம்" என்று எழுதாதே.

புகையிலைக் கசாயம் வைத்தேன். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, காய்ந்த இலையைப் பானையில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்து, வடிகட்டி, காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தேன். நாளைக்கு அசுவினி உதிர்ந்துவிடும்.

சௌந்தரம் அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கினது அரைக்கிலோ. பானைக்குள்ள போனது கால் கிலோகூட இருக்காது. மிச்சம்?"

"அடுத்த தடவைக்கு வேணும்ல."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"கொட்டகையில. புண்ணாக்கு டின்ல."

"அதான பாத்தேன். வேப்பம்புண்ணாக்கு டின்னுக்குப் பூட்டுப் போட்ட ஆளு இந்தத் தாலுகாவுலயே நீங்க ஒருத்தருதான்."

"எலித் தொல்லை."

"எலி மூடியத் தொறக்குமா?"

கைகழுவப் போனேன்.

டிசம்பர் 10, புதன்

இன்று நாற்றுகளைத் தட்டிலிருந்து பைக்கு மாற்றினோம். மொத்தம் நூற்றெட்டு. ஆளுக்கு ஐம்பத்து நான்கு. கறுப்புப் பை பாதியில் தீர்ந்துபோனதால் எனக்கு வெள்ளைப் பை, அவளுக்குக் கறுப்பு. விதை ஒன்று, மண் ஒன்று, தண்ணீர் ஒன்று.

அவள் முத்திரை குத்தும் வேகத்தில் முடித்துவிட்டாள். எனக்கு நேரமாயிற்று. நடுவில் மூன்று தடவை கொட்டகைக்குப் போய்வர வேண்டியிருந்தது. ஒருமுறை கத்தரிக்கோல், ஒருமுறை சணல். மூன்றாவது முறை எதற்கென்று நினைவில்லை.

"கொட்டகைக்குப் போய்ட்டு வந்தா சோம்பு வாசம் அடிக்குதே" என்றாள்.

"சாப்பாடு செரிக்கல."

"இன்னும் சாப்பிடவே இல்லையே!"

இருவரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

டிசம்பர் 20, சனி

வெள்ளைப் பையில் ஒன்பது தக்காளி நாற்றுகள் சரியில்லை. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக இருக்கின்றன, உலக வரைபடத்தில் நிலமும் நீரும் போல. கொழுந்து ஒடுங்கிப் பெரணி இலை மாதிரி நீள்கிறது. துத்தநாகக் குறையாக இருக்கலாம். வெள்ளை ஈயாக இருக்கலாம். வேப்பெண்ணெய் தெளித்தேன்.

வத்தக்குழம்பில் சுண்டைக்காயை ஒதுக்கி வைத்தேன். வறுத்த வற்றல் முள்ளாகக் குத்துகிறது.

டிசம்பர் 24, புதன்

காலையில் சௌந்தரம் எண்ணிக்கொண்டு வந்தாள். "உங்க வெள்ளைப் பையில முப்பத்தோரு நோயாளி. தக்காளி மட்டுமில்ல, மிளகாய்க்கும் வந்துருச்சு. என் கறுப்புப் பையில ஒண்ணுகூட இல்ல."

"விதையில கோளாறு இருக்கும்."

"ஒரே பொட்டலம்."

"மண்ணு…"

"ஒரே குவியல். நீங்கதான் கலக்குனீங்க."

"பையோட நிறம். வெள்ளையில வெயில் உள்ள போகும்."

"அடேயப்பா" என்றாள். "இதுக்குப் பேருதான் சயின்சா?"

தற்செயலாக இருக்கும் என்று சொல்லி முடித்தேன். ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர். மாறியது ஒன்றே ஒன்று, தொட்ட கை. ஒரு மாணவன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு "தற்செயல்" என்று முடிவு எழுதியிருந்தால் அரை மதிப்பெண்கூடப் போட்டிருக்க மாட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

சவரம் செய்யும்போது கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், பல் உரசும் இடத்தில், பாலாடை ஒட்டினாற்போல் ஒரு வெண்மை. சுண்டுவிரல் நகத்தளவு. துண்டின் நுனியால் துடைத்தேன், வரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் சிவந்திருக்கிறது.

பல்தான்.

தோட்டத்தில் அணில் வந்திருந்தது. கத்தரிக்காயை அது தொடுவதில்லை. கொய்யாவை விடுவதில்லை. மாலையில் மணத்தக்காளிச் சாறு இரண்டு டம்ளர்.

டிசம்பர் 29, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து பர்வீன் என்ற பிள்ளை வந்தது. நாற்றுப் பிரச்சினையைப் போனில் சொல்லியிருந்தேன். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவியது. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைப் பையைத் தூக்கி, இலையைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தது.

"தேமல் நோய் சார். வைரஸ். மருந்து கிடையாது. பிடுங்கி எரிச்சிரணும்."

"வெள்ளை ஈ பரப்புச்சா?"

"இல்ல சார், இது ஈ பரப்புற வகை இல்ல. கை பரப்புறது. காஞ்ச புகையிலையில இந்தக் கிருமி வருசக்கணக்கா உசுரோட இருக்கும். அதத் தொட்ட கையால நாத்தத் தொட்டா ஒட்டிக்கும். பீடி, சுருட்டு, வாயில போடுற புகையில, எல்லாம் ஒண்ணுதான். எங்க நாத்தங்கால்ல வேலைக்கு வர்றவங்கள மொதல்ல அதத்தான் கேப்போம். நம்ம வீட்டுல யாராச்சும் போடுறாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்தரம் சொன்னாள். குரலில் அவ்வளவு பெருமை.

"இந்த வீட்டுல யாருமில்லம்மா. சார் போட்டுக்கிட்டுதான் இருந்தாரு. ரிட்டையர் ஆன அன்னைக்கு விட்டாரு பாரு, பதினோரு வருசம் ஆச்சு. சீரக அளவுகூடத் தொட்டதில்ல."

"கசாயம் வெச்சேன்" என்றேன். "அதுலேருந்து வந்திருக்கலாம்."

"எவ்வளவு நேரம் கொதிக்க வெச்சீங்க?"

"அரை மணி நேரம்."

"அப்ப அதுல செத்துருக்கும் சார். இலையக் கையில தொட்டீங்களா?"

"பையப் போட்டுக்கிட்டுதான் தொட்டாரு" என்றாள் சௌந்தரம். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு வெள்ளைப் பைகளைப் பார்த்தாள். கறுப்புப் பைகளைப் பார்த்தாள். பிறகு கொட்டகையைப் பார்த்தாள். அதன்பின் டீ போட உள்ளே போனாள்.

பர்வீனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நல்ல பிள்ளை, குனிந்து பைகளை எண்ணிக்கொண்டே இருந்தது. கறுப்புப் பைகளைத் தள்ளி வைக்கச் சொன்னது. அவற்றை அம்மா மட்டும் தொடட்டும், தொடும் முன் சோப்புப் போட்டுக் கழுவி, பாலில் கையை நனைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கிருமி ஒட்டாது என்றது. டீயை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்தது. சௌந்தரம் வந்து என் வலதுகையை எடுத்தாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் பிரித்து முகர்ந்து பார்த்தாள். முப்பது வருடம் உறைகளை வாங்கிய கை.

"வாயத் தொறங்க" என்றாள்.

நான் திறக்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

உப்புமா. பேச்சில்லை.

டிசம்பர் 31, புதன்

வெள்ளைப் பைகள் ஐம்பத்து நான்கையும் பிடுங்கிக் குவித்து எரித்தேன். நல்லதுபோல் தெரிந்த இருபத்து மூன்றையும் விடவில்லை. பச்சைச் செடி எளிதில் எரியாது. புகைந்துகொண்டே இருந்தது. பிறகு கொட்டகைக்குப் போய் டின்னைத் திறந்து மிச்சமிருந்த இலையையும் அதிலேயே போட்டேன். உடனே பற்றிக்கொண்டது.

முதல் நாள் எழுதியதில் பாதியை மறைத்துவிட்டேன். இன்பவல்லி உட்காராமல் நின்றது இன்னொன்று கேட்பதற்காக. மணி அடிக்கும் முன்பே கேட்டும்விட்டாள். "அப்ப நீங்க வாயில அடக்கி வெச்சிருக்கீங்களே சார், அது எந்தப் பிள்ளை?" யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் பலகையைக்கூடத் துடைக்காமல் வெளியேறினேன்.

புகையிலையை விட்டேன் என்று சௌந்தரத்திடம் சொன்ன நாளில் விட்டது உண்மை. பத்தொன்பது நாள் உண்மை. இருபதாம் நாள் சந்தைக்குப் போன இடத்தில் ஒரு துளி போட்டேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் திட்டோடு போயிருக்கும். சொல்லவில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது, தவணை கட்டாத சீட்டுப்போல. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. இடது கன்னத்துக்குள், எப்போதும் ஒரே இடம்.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றும் எழுதிவிடுகிறேன். எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் குருநாதனுக்குத் தாடையில் பாதியை எடுத்தார்கள். முதல் தடவை பார்க்கப் போனபோது அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். "வாங்க சார், உட்காருங்க." எழுத்து முன்போலவே அழகாக இருந்தது. இரண்டாம் தடவை நான் போகவே இல்லை.

எனக்குப் பேச்சைத் தவிர வேறு தொழில் தெரியாது.

ஜனவரி 1, வியாழன்

காலைக் காப்பிக்கு முன்பே நானாகப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். செல்போன் விளக்கைப் போட்டு, என் கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தன நாளா இருக்கு?"

"ஆடியிலேருந்து."

"ஆடி." விரலை மடக்கி எண்ணினாள். "அஞ்சு மாசம். அசுவினி வந்தா மறுநாளே கசாயம் வெக்கிறீங்க."

"பல்லு உரசுதுன்னு…"

"பல்லுமேல பழியப் போடாதீங்க. அதுக்கு வாய் இருந்தா அழுதுரும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

"நீங்க போட்டீங்க, பொய் சொன்னீங்க, அதுகூடப் போகுது. விட்டுட்டாருன்னு பதினெட்டு வீட்டுக்கும் கேசரி கிண்டிக்கொண்டு போய்க் குடுத்தேனே. என்னையும் சேத்துல்ல பொய் சொல்ல வெச்சிட்டீங்க."

நாளைக்குத் திண்டுக்கல் போகிறோம்.

ஜனவரி 2, வெள்ளி

டாக்டர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடிக் கரண்டியால் கன்னத்தைத் திருப்பி, நாக்கை இரண்டு பக்கமும் இழுத்து, அடிநாக்கையும் தூக்கிப் பார்த்தார். நான் கத்தரி இலையைப் பார்ப்பதுபோலத்தான்.

"இதுக்கு என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"மணத்தக்காளிக் கீரை, காய், சாறு."

"நல்ல கீரைதான் ஐயா, சாப்பிடுங்க. சூட்டுல வர்ற புண்ணுக்கு இதமா இருக்கும். ஆனா அதெல்லாம் பத்து நாள்ல தானாவே ஆறுற புண்ணு. ரெண்டு வாரம் தாண்டி ஆறாத எதுவும், வலிச்சாலும் சரி வலிக்காட்டியும் சரி, காட்டியே ஆகணும். அதுவும் துடைச்சா போகாத வெள்ளைன்னா."

"இவரு காலையில கீரையும் சாயங்காலம் புகையிலையுமா போட்டிருக்காரு டாக்டர்" என்றாள் சௌந்தரம். "ஒரே குடும்பமாம். உள்ள போயி அண்ணன் தம்பி பேசித் தீத்துக்கும்னு விட்டுட்டாரு."

டாக்டர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். மிளகு அளவு சதை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு.

பேருந்தில் திரும்பும்போது உதடு மரத்திருந்தது. ஏதோ சொல்ல வந்தேன், சொல் குழறியது. சௌந்தரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும் வரை விடவில்லை.

ஜனவரி 5, திங்கள்

கை எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. பதினோரு மணிக்குக் கால் தானாகக் கொட்டகைக்குப் போய் நின்றது. காலி டின். திரும்பி வந்து கிராம்பு ஒன்றை வாயில் போட்டேன்.

கறுப்புப் பைகளின் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. சௌந்தரம் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு கிண்ணம் பாலில் கை நனைத்து, தண்ணீர் ஊற்றுகிறாள். நான் தள்ளி நின்று "அந்த ஓரத்துப் பை சாயுது" என்று மட்டும் சொல்லலாம்.

"தெரியுது. வாத்தியாரு வேல பாக்காதீங்க."

ஜனவரி 7, புதன்

தூக்கம் சரியில்லை. குருநாதனின் சிலேட்டே கண்ணில் நிற்கிறது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டாம் தடவை போயிருக்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. ஆனால் புற்றாக மாறத் தொடங்கும் வழியில் செல்கள் இருக்கின்றன. டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். ஒழுங்காக வரிசையில் நிற்க வேண்டிய பிள்ளைகள் கீழ் வரிசையில் முட்டித் தள்ள ஆரம்பித்திருக்கிறார்கள், சுவரை இன்னும் தாண்டவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அந்த இடத்தை முழுதாக எடுத்துவிடலாம். பொங்கல் முடிந்ததும் தேதி. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், வாழ்நாள் முழுக்க. புகையிலையைத் திரும்பத் தொட்டால் இந்தப் பேச்செல்லாம் செல்லாது.

"இன்னும் ஒரு வருசம் கீரையே சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னா?" என்று கேட்டேன்.

அவர் படத்தில் சுவரைத் தாண்டி ஒரு கோடு போட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

நாற்றுக் கொடுக்கும் நாள். மிச்சம் கறுப்புப் பை ஐம்பத்து நான்கு. வீட்டுக்கு ஆறு போய் மூன்றானது.

கிளம்பும்போது சௌந்தரம் வாசலில் நின்று சொன்னாள்: "ஏன் மூணுன்னு கேப்பாங்க. சொல்லிட்டுதான் குடுக்கணும்."

"எல்லா வீட்டுலயுமா?"

"கேசரி எல்லா வீட்டுக்கும்தான் போச்சு."

கூடையை அவள் தூக்கிக்கொண்டாள். நான் வெறுங்கையோடு நடந்தேன். முதல் வீட்டில் நாக்கு எழவில்லை. வகுப்பில் முப்பத்து மூன்று வருடம் நின்று பேசியவன், ஒரு கதவுக்கு முன்னால் திக்கினேன். "மீதி நாத்து எங்க சார்?" என்று கேட்டார்கள். "எரிச்சிட்டேன். புகையிலை போடுற கையால தொட்டேன், நோய் வந்துருச்சு. இத்தன வருசமா மறைச்சுதான் போட்டேன். வாயிலயும் வந்துருச்சு. இப்ப வைத்தியம் பாக்கப் போறேன்." இவ்வளவுதான். இரண்டாம் வீட்டில் கொஞ்சம் எளிதாயிற்று. ஏழாம் வீட்டில் பாடம் போலவே வந்துவிட்டது. சௌந்தரம் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தாள். "ரொம்ப அழகா சொல்லாதீங்க. பெருமையாட்டம் இருக்கு."

பதினான்காம் வீடு லாரி ஓட்டும் மாயழகு வீடு. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எனக்கு அந்த அசைவு தெரியும். பதினோரு வருடம் நான் செய்தது. அவருடைய மனைவி கண்ணகி கை நீட்டி நாற்றை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் இரண்டு வீடு தாண்டியபின் மாயழகு பின்னாலேயே வந்தார். "சார், அந்த டாக்டர் எத்தன மணிக்கு இருப்பாரு?"

சொன்னேன்.

"வலி ஒண்ணும் இல்ல சார். சும்மா, அடிநாக்குல கொஞ்சம்…"

"எனக்கும் சும்மாதான் இருந்துச்சு" என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள். நான்கு தையல். மூன்று நாள் பேசக் கூடாது.

சௌந்தரத்துக்கு ஒரே கொண்டாட்டம். நான் தாளில் எழுதிக் காட்டுகிறேன், அவள் வேண்டுமென்றே கண்ணாடியைத் தேடப் போய்விடுகிறாள். "கையெழுத்து புரியல. விலாசம் சரியில்லாத தபாலு திரும்பிப் போகும்."

எழுதிக் காட்டும்போதெல்லாம் குருநாதன்தான் நினைவில். எனக்கு மூன்று நாள். அவருக்கு மூன்று வருடம்.

ஜனவரி 24, சனி

பேசினேன். முதல் சொல் "சௌந்தரம்". இரண்டாவது "உப்பு இல்ல".

பிப்ரவரி 15, ஞாயிறு

தெருவில் ஒன்பது வீட்டில் தக்காளி பூத்துவிட்டது. மஞ்சளாக, ஐந்து இதழும் அடியில் ஒட்டிய பூ. ஒரு செடியிலும் தேமல் இல்லை. மாயழகு இரண்டு தடவை திண்டுக்கல் போய்வந்தார். ஆரம்ப நிலைதான் என்று சொன்னார்களாம். வழியில் பார்த்தால் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

சென்ற வாரம் சௌந்தரம் இந்த நோட்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். தோட்டத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். படித்து முடித்து, இன்பவல்லி கேட்ட இரண்டாவது கேள்வியின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லவே இல்லையே?"

யோசித்துச் சொன்னேன். எது சோறு, எது விஷம் என்று செடியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே புகையிலை என் கத்தரிச் செடியைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் எதையாவது ஒளித்து வைத்துத்தான் தின்ன வேண்டியிருக்கிறதா என்று பார். கத்தரிக்காயை யாரும் புண்ணாக்கு டின்னில் போட்டுப் பூட்டுவதில்லை.

"இப்ப சொல்றீங்க. அன்னைக்கு மணியடிச்சதும் ஓடிப் போயிட்டீங்க" என்றாள். பிறகு, "இந்த நோட்டைத் தெருவுல படிக்கக் குடுங்க. மூணு நாத்து கெடச்சவங்களுக்கு மிச்ச மூணுக்குப் பதிலா இது" என்றாள்.

அதனால், இதைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். நாளைக் காலை பல் துலக்கி வாய் கொப்பளித்ததும், நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, விரலால் இரண்டு கன்னத்தையும் இழுத்து, உதட்டை மடித்து, நாக்கைத் தூக்கி, இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல் உங்கள் வாயின் உள்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.